கமராவுக்கு மேல் கருவாடு

எழுபதுகளில் சிட்னி ரயிலில் தமிழ் காதில் விழுவதே அபூர்வம். அதனால் முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தார் பேச ஆரம்பித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“நேற்று என்ர காரைக் கள்ளன் உடைச்சுப்போட்டான், அண்ணை,” என்றார் கண்ணாடி போட்டவர்.

“ஐயோ! உள்ளுக்கு உங்கட கமரா கிடந்ததே?” என்றார் மீசைக்காரர்.

“கமரா கிடக்கு. அதைச் சீற்றில பக்குவமா வைச்சிட்டுக் கருவாட்டைக் கொண்டு போயிட்டான்.”

“கருவாட்டையோ?”

“கமராவைக் கருவாட்டுப் பைக்குக் கீழ ஒளிச்சு வைச்சனான். அந்த மணத்துக்கு வெள்ளைக்காரன் கிட்டவும் வரமாட்டான் எண்டு நினைச்சன்.”

“நல்ல யோசனைதானே.”

“ஓம். வெள்ளைக்காரன் வரேல்லைத்தான்.”

மீசைக்காரர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“எங்கட தெருவில வேற தமிழ் ஆக்கள் ஆர் இருக்கினம்?” என்று கேட்டார் கண்ணாடி போட்டவர். “எங்கட வீடும் உங்கட வீடும்தானே?”

லிட்கம் ஸ்டேஷன் வந்தது. இருவரும் எழுந்து கதவருகே போனார்கள்.

“நேற்று எங்கட வீட்டில கோழிக்கறி,” என்றார் மீசைக்காரர்.

“நான் ஒண்டும் கேக்கேல்லையே, அண்ணை.”