தடியனுக்கு வலிக்கக் கூடாது

காலை ஆறே காலுக்கு ஒரு முட்டை வேக வைப்பேன். மஞ்சள் கருவை விரலால் பிசைந்து, ஆற விட்டு, தடியனின் வாயருகே கொண்டுபோவேன். சூடு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். எழுந்து நிற்க முடியாத நாய்க்கு அவ்வளவு ரோஷம்.

அம்மாவைப் பற்றிக் கேட்டால் நாயைப் பற்றிச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தவை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தையல் வேலை செய்கிறேன். விடுதிகளுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும். முன்னறையில் மெஷின். மெஷினுக்கு அடியில் தடியன். மிதிக்கும்போது அவன் முதுகு என் பாதத்தில் உரசும். பக்கத்து அறையில் அம்மா. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது. நான் தைத்த ஒரு திரைதான்.

அம்மாவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய் வந்த அடுத்த வருஷம் தடியனுக்கு முன்னங்கால் வீங்கியது. கால்நடை மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். அதே நோய்.

"வயசான நாய்ம்மா. வலி தாங்காது. ஊசி போட்டுத் தூங்க வச்சிடறது நல்லது."

"உங்க வீட்ல யாருக்காவது வந்தா ஊசி போட்டுடுவீங்களா?"

"அது வேறம்மா."

ஏதோ ஒரு வலி மருந்து எழுதிக் கொடுத்தார். அது தடியனின் வயிற்றைக் கெடுத்ததுதான் மிச்சம்.

படுத்தே கிடக்கும் நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. செய்யச் செய்ய வந்தது. வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி வெளியே கொண்டுபோவேன். ஒரே பக்கம் கிடந்தால் முழங்கையில் தோல் கிழிந்துவிடும், புரட்டிப் போட வேண்டும். முதலில் இடுப்பைத் தூக்க வேண்டும், தலையை அல்ல. வெட்டிய துணியின் மிச்சத்தைத் திணித்து ஒரு மெத்தை தைத்தேன். ஓரத்து மடிப்பு உறுத்துகிறது என்று தோன்றியது. பிரித்து மறுபடி தைத்தேன்.

திரை விலகியிருக்கும்போது அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அடுத்த ஜென்மத்துல உன்கிட்ட நாயா பொறக்கணும்டி. இந்தத் தடவை தப்பா வந்து தாயா மாட்டிக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு நாக்கில் மட்டும் நோய் வரவில்லை.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அம்மா வலியைச் சொல்லத் தெரிந்தவள். எப்போதும் அப்படித்தான். அவள் விரலில் ஊசி குத்தினால் தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போகும். தடியன் அப்படியில்லை. வலித்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். சொல்லத் தெரிந்தவர்களுக்கு டாக்டர் இருக்கிறார், மகன் இருக்கிறான், போன் இருக்கிறது. தடியனுக்கு நான்தான்.

சின்ன வயதில் எனக்குக் காது வலித்தபோது, "நடிக்காதடி, பள்ளிக்கூடம் கெளம்பு" என்றாள் அம்மா. இடது காது அதோடு போயிற்று. இதைப் பழிவாங்கல் என்று எழுதிவிடாதீர்கள். நான் அதை நினைப்பதே இல்லை. சொல்லப்போனால் அது ஒரு வசதி. வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் வீடு அமைதியாகிவிடும்.

அம்மாவுக்குச் சாதாரண மாத்திரைகள் கேட்காமல் போனபோது டாக்டர் பலமான ஒன்றை எழுதினார். கடையில் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தடியன் அலறிக்கொண்டிருந்தான். அதுவரை அவன் அலறியதே இல்லை. அம்மாவும் முனகிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அது பழகிய சத்தம்.

மாத்திரையைப் பாதியாக உடைத்து முட்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் அவன் என் பக்கம் திரும்பிப் படுத்தான். வாலை ஒரு முறை தரையில் தட்டினான். அதைப் பார்த்திருந்தால் நீங்களும் கொடுத்திருப்பீர்கள்.

அம்மாவுக்கு அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை கொடுத்தேன். உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஒரு வேளைக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் தடியன் நிம்மதியாகத் தூங்கினான். தூங்குகிறவனிடமிருந்து பிடுங்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

"மாத்திரை வேளாவேளைக்குக் குடுக்கறீங்கல்ல?"

"குடுக்கறேன் டாக்டர்."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? சில பேரு பயந்துக்கிட்டுக் கொறச்சுக் குடுப்பாங்க, அதான் கேக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மெத்தையில் கிடந்த தடியனைப் பார்த்தாள்.

"என் பொண்ணு ஒரு வேளை தவறவிட்டதில்ல டாக்டர்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா என்னை வெளியாள் முன்னால் பாராட்டுவது அபூர்வம்.

டாக்டர் அளவைக் கூட்டினார். அப்புறம் மறுபடி கூட்டினார். கடைசியாகக் கூட்டியபோது என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"இவங்க ஒடம்பு பழகிடுச்சு, தாங்கும். பழகாதவங்க யாராவது இந்த அளவைப் போட்டா மூச்சு அடங்கிடும். பூட்டி வைங்க."

பூட்டி வைத்தேன். தடியனுக்கு மட்டும் நறுக்கி, அளந்து, பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன்.

தம்பி வெளியூரிலிருந்து பேசுவான்.

"அம்மா போன்லயே அழறாங்கக்கா. மாத்திரை எதுவும் கேக்கலியா?"

"முத்திப்போச்சுடா. அப்படித்தான் இருக்கும்னு டாக்டரே சொல்றாரு."

"நீ இல்லன்னா அவங்க கதி என்னக்கா? நானா இருந்தா ஓடியே போயிருப்பேன்."

"ஏதோ என்னால முடிஞ்சது."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அம்மாவைக் குளிப்பாட்டினேன், துடைத்தேன், ஊட்டினேன். படுக்கைப் புண் வரவில்லை. நீங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் தடியன் போனான். தலை என் மடியில் இருந்தது. மூச்சு நீளமாகி, நீளமாகி, பிறகு வரவில்லை. வலியே இல்லை. அந்த நோய் வந்த எந்த நாயும் அப்படிப் போனதில்லை என்று கால்நடை மருத்துவர் பிற்பாடு ஆச்சரியப்பட்டார். அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். நான் திரையை முழுதாக இழுத்து மூடிவிட்டு, அவனை மெத்தையோடு சேர்த்துச் சுற்றித் தைத்து, பின்பக்கம் புதைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. குறை வைக்காமல் செய்தவர்களுக்கு வராது என்று நினைக்கிறேன்.

கை கழுவிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தேன். மாத்திரை நிறைய இருந்தது. இனி அதற்கு வேறு ஆள் இல்லை.

டாக்டர் கடைசியாக எழுதிய அளவையே அம்மாவுக்குக் கொடுத்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவளுக்கு உரியதை அவளுக்குக் கொடுத்தது அதுதான் முதல் முறை. அதற்காக என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். இந்த அளவு அவளைக் கொன்றிருக்கக் கூடாது, பழகிய உடம்பு என்று டாக்டர் உங்களிடம் அடித்துச் சொன்னாராம். அவரைச் சந்தேகப்படாதீர்கள். அவர் சொன்னது சரி. உடம்புதான் பழகியிருக்கவில்லை.

அவருடைய எச்சரிக்கை எனக்கு நினைவிருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. மூச்சு அடங்கும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அம்மா வலியில் கிடந்தாள். ஒரு ஜீவன் வலியில் துடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது என் சுபாவம்.

ஒரே ஒரு ஆறுதல், அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. நான் கொடுப்பது மருந்து என்று நம்பித்தான் ஒவ்வொரு வேளையும் வாயைத் திறந்தாள். அன்றும் திறந்தாள். தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினாள். முகத்தைச் சுளித்தாள். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கசக்குதே. தடியன் போயிட்டானாடி?"