பாட்டுப் போட்டிக்கு நான் கட்டிய திரை

இந்த மின்விசிறி சரியாகச் சுற்றாது, பேக்டரி இன்ஸ்பெக்டர் ஐயா. நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். என் ஜின்னிங் பேக்டரியில் பஞ்சுத் தூசி அதிகம் என்று பாட்டு டீச்சர் தங்கம்மாள் மனுப் போட்டிருக்கிறார். உண்மைதான். ஆனால் அவர் கேட்க நினைத்தது வேறு. மாரிக்கனி என்கிற பெண்ணை எதற்காக அந்தத் தூசி அறையில் வேலைக்குப் போட்டீர்கள் என்பதுதான். சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் சங்கீத சபைக்கு நான்தான் காரியதரிசி. சங்கீதம் எனக்குத் தெரியாது. பணம் கொடுப்பவனுக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. என் மகள் கோகிலாம்பாளுக்கு வீட்டிலேயே பாகவதர் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அறுபத்தொன்பதில் நவராத்திரிப் பாட்டுப் போட்டிக்கு நடுவராக வந்த மதுரை வித்வான், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பக்கத்தில் இருந்தவரிடம், "கடைக்காரா ஆத்துப் பொண்ணு, சுருதியோட நின்னாலே பெரிசு" என்றார். அந்த மனிதர் தோளில் கிடந்த அங்கவஸ்திரமே என் ஜவுளிக்கடைத் துணி.

மறு வருடம் மேடையில் திரை கட்டினேன். பாடுவது யார், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியக்கூடாது, நம்பர் மட்டும்தான். குரலுக்குச் சாதி கிடையாது என்று மைக்கில் நானே பேசினேன். கைதட்டினார்கள். நம் ஊரில் எதற்கும் கைதட்டுவார்கள்.

நாலாம் நம்பர் பாடத் தொடங்கியதும் வித்வான் கண்ணை மூடிக்கொண்டார். கோகிலாதான் என்று நினைத்தேன். முதல் கைதட்டல் என்னுடையது. திரையை விலக்கினால் மாரிக்கனி நிற்கிறாள். எம்.ரெட்டியபட்டியில் கூலிக்குப் பருத்தி எடுக்கிற சோலைச்சாமியின் மகள். தங்கம்மாளிடம் பள்ளிக்கூடத்தில் ஓசியில் கற்றுக்கொண்டவள். என் வீட்டு வாசலுக்கு வந்தால் தள்ளி நிற்கிற கூட்டம்.

கோகிலாவுக்கு இரண்டாம் பரிசு. "ஆனி மாசம் மெட்ராஸ் சங்கீதக் காலேஜ்ல நானே சேத்து விடறேன்" என்று வித்வான் அந்தப் பெண்ணிடம் சொன்னார். என் மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வித்வான் என் மகளை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது என்றுதான் திரை கட்டினேன். பருத்திக்காட்டுப் பிள்ளைகள் எங்கள் தலைமேல் ஏறி உட்காருவதற்காக இல்லை. இதைக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கோபப்படவில்லை. மறுநாள் சோலைச்சாமியைக் கூப்பிட்டேன். "ஆனி வரைக்கும் பிள்ள சும்மா இருக்கணுமாக்கும்? நம்ம பேக்டரிக்கு அனுப்பு. மெட்ராஸ் போகத் துணிமணிக்கு ஆகும்" என்றேன்.

"மொதலாளி, நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டான். கும்பிடத்தானே தெரியும்.

அழுக்குப் பருத்தியை அடித்து உதறுகிற அறையில் அவளைப் போட்டேன். அங்கே ஜன்னல் கிடையாது. முன்பு அங்கே வேலை பார்த்த பிச்சையம்மாள், ஒப்பாரிக்குச் சுற்றுவட்டாரமெல்லாம் பேர்போனவள். ஒரு வருடத்தில் அவளுக்குப் பேச்சே காற்றாகத்தான் வந்தது. அது எனக்குத் தெரியும். என் மகளை நான் பேக்டரி கேட்டுக்குள்ளேயே விட்டதில்லை.

பங்குனியில் தங்கம்மாள் வந்தார். "அண்ணாச்சி, பிள்ளைக்கு மேல் ஸ்தாயி எட்டல. ராவெல்லாம் இருமுறா. வேற எடத்துல போடுங்க" என்றார்.

"வேல பிடிக்கலன்னா நின்னுக்கிடச் சொல்லுங்க டீச்சர். நான் கட்டியா வச்சிருக்கேன்?" என்றேன். நிற்க மாட்டாள் என்று தெரியும். அவள் அப்பன் ஊரெல்லாம் என் பெருமையைப் பேசிக்கொண்டு திரிந்தான்.

ஆனியில் மெட்ராஸ் போனாள். பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி வேலைக்கு வந்தாள். நானும் அதே அறையில் சேர்த்துக்கொண்டேன்.

இதற்கு உங்கள் சட்டத்தில் பிரிவு இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். குரல் போனதற்குக் கேஸ் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஜன்னல் வேண்டுமானால் வைத்துவிடுகிறேன்.

போன மாதம் நவராத்திரிக்கும் அதே திரை, அதே வித்வான். மாரிக்கனி பெயரை நானே சேர்த்தேன். யாரையும் ஒதுக்கினதாகப் பேச்சு வரக்கூடாது பாருங்கள். முதல் வரியிலேயே அவளுக்கு இருமல் வந்தது. அடுத்துப் பாடியது கோகிலா. இந்தத் தடவை என் மகள் குரல் எனக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. முதல் பரிசும் அவளுக்குத்தான். யாரும் முகம் பார்க்கவில்லை, சாதி பார்க்கவில்லை. நியாயமாக ஜெயித்தாள், ஐயா.