பாலைவனத்தில் குப்புறப் படுத்தவர்

பிள்ளைகள், இன்றைக்கு டுசல்டோர்ஃப் ட்ராமில் எனக்கு முன்னால் இருந்த எங்கட ஆட்கள் இரண்டு பேர் கதைத்ததை உங்களுக்கு எழுதுகிறேன். மூத்தவர் அமெரிக்காவுக்குப் போய் வந்தவர்.

“பாலைவனத்திலை நானும் நாயும் ஒண்டாக் குப்புறப் படுத்தம்,” என்றார் அவர்.

இளையவர் சிரித்தார். “ஏன் அண்ணை, வெயிலே?”

“இல்லையடாப்பா. நாயோடை நடக்கப் போன இடத்திலை மனிசியின்ரை தம்பி தன்ரை பழங்காலத்து ரிவால்வராலை தகரப்பேணிக்குச் சுட்டவன். சத்தம் கேட்டதும் விழுந்திட்டன்.”

“நாய்?”

“வெடி கேட்டால் படுக்க அதைப் பழக்கியிருக்கிறான்.”

“உங்களை ஆர் பழக்கினது?”

“ஊர்ச் சண்டையிலை விழுந்த ஷெல்லடி.”

இளையவர் அவர் பக்கம் திரும்பி இருந்தார்.

“மச்சான் நக்கலடிப்பானெண்டு நிமிரவே வெக்கமாக் கிடந்தது. அவன் ஒண்டும் கேக்கேல்லை. ரிவால்வரைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு, ‘அத்தான், நாயைப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை நடவுங்கோ’ எண்டான். நான் அங்கை நிண்ட கிழமை முழுக்க அப்பிடித்தான் நடந்தம். ஒரு வெடியும் வைக்கேல்லை. அவனை மறக்க ஏலாது.”

வருடப்பிறப்பு வாணவெடி தொடங்க முன்னம், எனக்கும் வெடிச்சத்தம் ஆகாதென்று தெரிந்து, என்னை ஒன்றும் கேளாமல் யன்னல்களைச் சாத்திவிட்டுப் பாட்டைச் சத்தமாகப் போடுகிறவர்கள் நீங்கள். இன்றைக்கு ட்ராமால் இறங்கி நான் வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. உங்கள் சப்பாத்துகளை எடுத்துச் சேறு போகத் துடைத்து, வாசலில் சோடி சோடியாக வைத்தேன்.