நிமிராத கை

அதான் சொல்லுதேன்லா அண்ணாச்சி, இப்ப அங்கன போயி ஒரு பிரயோசனமும் இல்ல. போலீஸ்காரரு கயிறு கட்டிட்டாரு. அருவி அஞ்சு கிளையும் ஒண்ணாச் சேந்து விழுது, பாத்தீயளா? கல்லும் கொம்பும் சேந்து வரும். தண்ணி கொறைஞ்சி விசில் ஊதுன பொறவுதான் ஆள விடுவாவ. அதுவரைக்கும் இங்கன ஸ்டூல்ல உக்காருங்க. எண்ணெய இப்பமே தேய்க்காதீய, இந்தக் காத்துக்கு வெறைச்சுப் போவும். சுக்குக்காப்பி ஊத்துதேன், குடிங்க.

என்னைய எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும். நேத்து தென்காசி கிரவுண்டுல, வேலிக்கு அங்கிட்டு ஒரு பொம்பள கொட புடிச்சிட்டு நின்னால்லா, அது நாந்தான். நீங்க வெள்ளத் தொப்பி போட்டிருந்தீய. ஒரே ஓவர்ல மூணு தடவ கைய நீட்டி நோபால் குடுத்தீயளே ஒரு புள்ளைக்கு, ஷாரோன்னு. எம் மவதான்.

அட, எந்திரிக்காதீங்க. சண்ட போடவா ஸ்டூலப் போட்டு உக்கார வச்சேன்? சண்டைக்கெல்லாம் தெம்பு கெடையாது அண்ணாச்சி. சீசன் தொடங்கி இருபத்தஞ்சு நாளாச்சி, விடியக்கருக்கல்ல வந்து நிக்கேன். எண்ணெ, சோப்பு, துண்டுன்னு கத்திக் கத்தி தொண்டையும் போச்சி, காலும் வீங்கிப் போச்சி. நீங்க அம்பயரு. ஒங்க கண்ணுக்கு அவ பந்தப் போடல, எறியுதான்னு பட்டுது, சொன்னீய. அது ஒங்க சோலி. நா கொற சொல்லல.

ஆனா ரிப்போர்ட்டு எழுதப் போறீயளாமே? விஜயசங்கர் சார் சொன்னாரு. அவ பள்ளிக்கூடத்து பி.டி. சாரு. ஞாயித்துக்கிழமை மாவட்ட செலக்சன்ல மொதல்ல ஒங்க ரிப்போர்ட்டத்தான் பாப்பாங்களாம். எறியுதான்னு நீங்க எழுதிட்டா அந்தப் புள்ள இனி பந்தையே தொட முடியாதாம். ராத்திரி சோறு வச்சேன், தட்டுல கோடு போட்டுக்கிட்டு இருந்தா. ஒரு வாய் எறங்கல.

நா படிச்சது எட்டாப்பு. கிரிக்கெட்டுன்னா டிவியில ஆளுக ஓடுதது, அம்புட்டுதான் தெரியும். இப்ப கேளுங்க, எக்கானமின்னா ஓவருக்கு எத்தன ரன்னு குடுத்தான்னு கணக்கே சொல்லுதேன். மூணு வருசமா அவளுக்குப் பந்து பொறுக்கிப் போடுதவ நாந்தானே. அந்தா கார் நிறுத்துற எடம் தெரியுதா? வேனெல்லாம் வருததுக்கு முன்ன அது கிரவுண்டு. மூணு காலி எண்ணெக் கேன வரிசையா வச்சா ஸ்டம்பு. சுண்ணாம்பால ஒரு கோடு. அவ ஒம்போது எட்டு வச்சி ஓடியாருவா, நா கேனுக்குப் பொறத்தால நிப்பேன். மொதல்ல பந்து கேன்ல படாது, எம் மொழங்காலுலதான் படும். ஏட்டி, அம்மைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டுத்தான் ஓய்வியான்னு கேப்பேன்.

சாரு வந்து பாத்துட்டு, ஸ்டம்பப் பாக்காதட்டி, பந்து குத்துற எடத்தப் பாருன்னாரு. ஒரு மங்குஸ்தான் தோட எடுத்து அங்கன வச்சாரு. தெனமும் நூறு பந்து, அந்தத் தோட்டுல படணும். முத நாளு நாலு பட்டுது. எடது கை பாதியிலயே விழுந்துருது, அது விழுந்தா தலையும் கூடச் சாயுது, அதான் பந்து காலுக்கு வெளிய போவுதுன்னாரு. சோறு திங்கும்போதுகூட எடது கையத் தூக்கிட்டு இருப்பா, லூசு மாதிரி. கடைசி எட்டு நீளமா வைக்காத, குட்டையா வையின்னாரு. அதுக்கு ஒரு மாசம். இப்ப நூத்துக்கு அறுவது படும் அண்ணாச்சி. ஆறு மாசம் முன்ன ஓவருக்கு எட்டு ரன்னு குடுத்தவ, வீரகேரளம்புதூர் மேச்சில நாலு ஓவருக்குப் பதினோரு ரன்னுதான் குடுத்தா. மூணு விக்கெட்டு. அவ அப்பா லோடு ஏத்திட்டு புனலூர் போயிருந்தாவ, போன்ல சொல்லுதேன், பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்னு பேசிட்டு இருந்த மனுசன், ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டு, எத்தன விக்கெட்டுன்னு மறுபடியும் கேக்காவ.

இதுல கூத்தப் பாருங்க. அடிக்கத் தோதான பந்தா போட்டு எல்லாரும் அடிச்சி நொறுக்குன காலத்துல அவ கைய ஒருத்தரும் பாக்கல. நல்லாப் போட ஆரம்பிச்ச பொறவுதான் எல்லாரு கண்ணும் மொழங்கைக்குப் போவுது.

ஆமா, மடங்கித்தான் இருக்கு. நா இல்லன்னு சொல்லலியே. ஆனா மடங்கி இருக்கது குத்தமில்ல, பந்த விடும்போது நிமிந்தாத்தான் குத்தம்னு சாரு சொன்னாரு. அப்பிடித்தான? பின்ன என்ன? அது நிமிராது அண்ணாச்சி. ஓடியாரும்போதும் அப்பிடித்தான், விட்ட பொறவும் அப்பிடித்தான். ஜெபத்துல கையத் தூக்குனா ஒரு கை வானத்தப் பாக்கும், ஒரு கை சபையப் பாக்கும். சின்னப் புள்ளையள்லாம் சிரிக்கும். நிமிரும்னா நா ஏன் எட்டு வருசமா அவளுக்குச் சட்ட கை தைக்கும்போதெல்லாம் அழுதேன்? நாளைக்கு சாரு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிட்டுப் போறாரு. படத்தக் கொண்டாந்து ஒங்க கையில தருவாரு. எலும்பப் பாத்துட்டு எழுதுங்க, அது போதும்.

எப்பிடி ஆச்சின்னா? அவதான் ஒங்கட்ட சொன்னாளாமே. ஒம்போது வயசுல கொய்யா மரத்துல இருந்து விழுந்துட்டா. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆசான் இருந்தாரு, எலும்பு கட்டுததுல கைராசிக்காரரு, கேரளாவுல இருந்தெல்லாம் வருவாவ. அவருட்டத்தான் தூக்கிட்டுப் போனோம். முட்ட வெள்ளையும் பச்சிலையும் வச்சி, மூங்கிப் பத்தை வச்சி, துணி சுத்திக் கட்டுனாரு. நாப்பது நாளு கழிச்சி அவுத்தா கை இப்பிடி இருக்கு. நா சும்மா விடல. அவரு வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துனேன். எம் புள்ள கைய முடமாக்கிட்டியே, நீ வெளங்குவியான்னு. ரோட்டுல போற வண்டியெல்லாம் நின்னு பாத்துது. அந்தாளு, நா கொண்டு போன பழைய கட்டுத் துணிய கையில எடுத்து, முடிச்சத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மடியில வச்சிக்கிட்டாரு. அதுக்குப் பொறவு அங்கன கூட்டம் கொறைஞ்சிட்டுன்னு கேள்வி. இப்ப கட்டுததே இல்லையாம்.

நானா? நா குளிக்க மாட்டேன் அண்ணாச்சி. எட்டு சீசன் ஆச்சி, இந்தத் தண்ணி ஏம் மேல பட்டு. ஒத்துக்கிடாது. வேற என்ன.

ஆங், விசில் ஊதிட்டாவ. கேட்டுதா? எண்ணெயத் தேச்சிக்கிட்டு வெரசாப் போங்க, பொறவு கூட்டம் ஏறிரும். மூணாவது கிளைக்கு நேரா நிக்காதீய, வழுக்கும். சோப்பு இருக்கா? இந்தா வச்சிக்கிடுங்க. செருப்ப இங்கனயே போட்டுட்டுப் போங்க, நா பாத்துக்கிடுதேன்.

அண்ணாச்சி, ஒரு நிமிசம். அந்த ரிப்போர்ட்டுல, கை எப்பிடி ஆச்சின்னு எழுத எடம் இருக்காமே. அதுல ஆசான் தப்பாக் கட்டிட்டாருன்னு எழுதாதீய. அவரு நல்லாத்தான் கட்டுனாரு. நனக்கான் பாடில்லா, கேட்டோன்னு, கட்டுல தண்ணி படக் கூடாதுன்னு மூணு தடவ சொல்லி அனுப்புனாரு. எனக்கு மலையாளம் நல்லாவே புரியும். சீசன் நேரம், வீட்ல ஆளில்ல, கடைக்கே கூட்டிட்டு வந்துட்டேன். கட்டுக்குள்ள அரிக்கி அரிக்கின்னு காலையில இருந்து ஒரே அழுக. எல்லாப் புள்ளையளும் குளிக்குதே, நா மட்டும் ஏம்மான்னு. எனக்குன்னா நிக்க முடியல, முன்னால வாங்க வந்த ஆளுக. மூலிகைத் தண்ணிதானே, ஊரெல்லாம் சீக்குக்கு இங்கனதான வருதுன்னு நெனச்சேன். போயி அருவியில நில்லுட்டின்னு நாந்தான் சொன்னேன். கட்டு அப்பிடியே நழுவிட்டு. திரும்ப செங்கோட்டைக்குப் போனா ஆசான் ஏசுவாரு, ஒரு நாளு கடையும் போயிரும். நானே எறுக்கிக் கட்டுனேன். அந்த முடிச்சு ஏம் முடிச்சு. துணியப் பாத்ததுமே அவருக்குத் தெரிஞ்சி போச்சி.

இல்ல, அவளுக்குத் தெரியாது. அவ அப்பாவுக்கும் தெரியாது. ஆனா நீங்க எழுதுனதுக்குக் கீழ அவதான கையெழுத்துப் போடணும்? எதையும் படிக்காம போட மாட்டா, எம் மவ. நனைய விட்டதும் கட்டுனதும் அம்மைதான், பேரு ஜெபமலர்னு தெளிவா எழுதுங்க. போங்க அண்ணாச்சி, எண்ணெ காயுது.