இல்லீங்க என்று முடிந்த செய்தி

ராத்திரி இரண்டேகால் மணி. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற மலை ரோடு. பனி... முன்னால் நாலடிதான் தெரியும். ஒரு வளைவில் கேரட் லாரி ஒன்று ஓரங்கட்டி நிற்கிறது. இன்ஜின் ஓடவில்லை. மஞ்சள் விளக்கு மட்டும் டிக்... டிக்... என்று அடித்துக்கொண்டிருக்கிறது.

நெருங்கி உட்காருங்கள். நம் லாரிகளுக்கு லோடு வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரமாகும். இது நம்ம கௌதமனுடைய அக்கா வீட்டுக்காரர் கிருபாசங்கருக்கு நடந்தது.

அந்த லாரியை ஓட்டி வந்தவர் கிருபாவின் அப்பா, வரதராஜுலு. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்துப் பையனை இன்ஜினியராக்கினார். பையனுக்குத் துடியலூரில் ஒரு லாரி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. அதே ஆபீஸ் வண்டியைத்தான் அப்பாவும் ஓட்டினார்.

டிரைவர்கள் ராத்திரியெல்லாம் ஆபீஸ் நம்பருக்குச் செய்தி போடுவார்கள். போனில் பேசினால் அதுவே எழுத்தாகிவிடும். நானூறு, ஐந்நூறு செய்தி. யார் உட்கார்ந்து படிப்பது? கிருபா பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினான். ஒவ்வொரு செய்திக்குள்ளும் அது புகுந்து தேடும். பிரேக், டயர், விபத்து, வலி என்று ஒரு பட்டியல். அதில் ஒரு சொல் செய்திக்குள் எங்கே இருந்தாலும் எத்தனையாவது எழுத்தில் இருக்கிறது என்று எண்ணைச் சொல்லும். இல்லாவிட்டால் மைனஸ் ஒன்று. கிடைத்தால் மேனேஜர் அறையில் மணி அடிக்கும். கிடைக்காத செய்திக்கு அதுவாகவே ஒரு பதில் போடும். "சரி. பத்திரமாக வரவும்."

"எம்பையன் எழுதுன மிசினு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கண்டுபுடிச்சுரும்." வரதராஜுலு இதை டீக்கடை டீக்கடையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நம் ஆட்களைத் தெரியுமே. கை ஒடிந்தாலும் ஒன்னும் இல்லீங்க என்பார்கள். "பிரேக்குல ஒரு பிரச்சனையும் இல்லீங்க" என்று ஒருவன் போடுவான். பிரேக் கிடைத்துவிட்டது என்று மணி அடிக்கும். ஒரே வாரத்தில் மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏனுங்க கிருபா, இல்லைங்கறதுக்கெல்லாம் மணி அடிச்சா நாங்க எப்பங்க தூங்கறது?"

கிருபா ஒரு வரி சேர்த்தான். செய்திக்குள் 'இல்லீங்க' கிடைத்தால் மணி அடிக்காதே, பதில் மட்டும் போடு. அதை எழுத அவனுக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த இரண்டேகால் மணிக்கு வரதராஜுலு அனுப்பிய செய்தி இது. "நெஞ்சு வலிக்குது தம்பி. வண்டிய ஓரங்கட்டிட்டேன். பெருசா ஒன்னும் இல்லீங்க."

வலி கிடைத்தது. இல்லீங்கவும் கிடைத்தது. மணி அடிக்கவில்லை.

பதில் போனது. "சரி. பத்திரமாக வரவும்."

மகனுடைய மிசின் பேசினால் மகன் பேசிய மாதிரிதான் அவருக்கு. உடனே எழுதினார். "சரி கண்ணு. காத்திருக்கறேன்."

கூப்பிடு தூரத்தில் எஸ்டேட் தொழிலாளிகளின் லைன் வீடுகள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் போய்த் தட்டவில்லை. அதுதான் மகன் ஆள் அனுப்புவானே.

காலையில் பால் வண்டிக்காரன்தான் பார்த்தான். சீட்டில் சாய்ந்திருந்தார். மடியில் நீலகிரித் தைலப் பாட்டில், மூடி திறந்தபடி... லாரி முழுக்க அந்த வாசம். இரண்டரைக்குள்ளேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிருபா ஆபீசுக்கு வந்தான். செய்திகள் சேரும் ஃபைலில் அந்த ராத்திரி தொடங்கி அப்பாவின் நம்பரைத் தேடினான். இரண்டு வரி வரவேண்டும். மூன்று வந்தது.

மூன்றாவது, அப்பா செத்த அதே ராத்திரி மூன்று நாற்பதுக்கு வந்தது.

"வாரியா கண்ணு?"

கீழே மிசினின் பதில். "சரி. பத்திரமாக வரவும்."

மறுநாள் தேடினான். நான்கு வரி. அதற்கு மறுநாள் ஐந்து. எல்லாம் மூன்று நாற்பது. எல்லாம் அதே வாரியா. ஒவ்வொன்றுக்கும் கீழே மிசின் சரி சொல்லியிருந்தது.

போன தடவை இந்தக் கதையைச் சொன்னபோது இந்த இடத்தில்தான் நம்ம அமீர் ஹம்சா வாயைத் திறந்தான். "ஏனுங்ணா, செத்தவருக்கு யாருங்ணா ரீசார்ஜ் பண்றது?" எல்லோரும் சிரித்தார்கள். கிருபாவும் முதலில் அப்படித்தான் நினைத்தான், எவனோ விளையாடுகிறான் என்று. அம்மா ரங்கம்மாளிடம் போனான்.

"அப்பா போன் எங்கம்மா?"

"பீரோல, எங்கலியாணச் சேலைக்குள்ள சுத்தி வெச்சிருக்கறன் சாமி. சார்ஜு செத்து எத்தன நாளாச்சு. ஏன் கண்ணு?"

சும்மாதாம்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

இருபது வரி சேர்ந்த அன்று சாயங்காலம் புரோகிராமை நிறுத்தினான். ஃபைலைத் தன் போனில் ஏற்றிக்கொண்டான். நடுராத்திரிக்கு மேல் தனியாகப் பைக்கில் மலையேறினான்.

மூன்றரைக்கு அந்த வளைவு. லாரி இல்லை, ஒன்றும் இல்லை. தடுப்புச் சுவரில் உட்கார்ந்து போனைத் திறந்தான். 'வாரியா' என்று தேடினான்.

மைனஸ் ஒன்று.

மறுபடி தேடினான். மைனஸ் ஒன்று. வாரியா வரி ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் கண்ணால் பார்த்த வரிகள்.

பனிக்குள்ளிருந்து முதலில் சத்தம் வந்தது. டிக்... டிக்... பிறகு ஈரக் கேரட் சாக்கு நாற்றம். அதன் மேல் தைலம்... பக்கத்தில் யாரோ அப்போதுதான் நெஞ்சில் தேய்த்த மாதிரி.

கிருபா திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா நம்பருக்கு எழுதினான். "அப்பா, வந்துட்டேன்பா. நேரமாயிருச்சு. மன்னிச்சுக்குங்க."

மணி மூன்று நாற்பது. டிக் டிக் நின்றது. தைல வாசம் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எஸ்டேட் வீடுகளில் ஒரு விளக்கு அணைந்தது.

கையில் போன் அதிர்ந்தது. அப்பாவின் நம்பர்.

"சரி. பத்திரமாக வரவும்."