கோதையின் கடைசி டயோட்

இந்தக் கம்பளிச் சுவெட்டர் என்ர மனிசி பின்னித் தந்தது, கதிர் தம்பி. இந்த வைலே நகரக் குளிருக்கு இதைவிடத் திறமான உடுப்பு இல்லை. தேத்தண்ணியைக் குடியுங்கோ.

நீங்கள் வந்த அலுவல் தெரியும். உங்கட மனிசி கோதை வடிவமைச்ச டயோட்டில ஒண்டே ஒண்டுதான் மிச்சம், அதைப் பாதுகாப்பா வைச்சிருக்கச் சொல்லி என்னட்டைத்தான் தந்திருக்கினம். நாளைக்கு வெளி ஆய்வுகூடத்தில அது வேலை செய்தால் அவவின்ர வேலையும் விசாவும் தப்பும். இல்லாட்டில் இந்த மாசம் முடிய ரெண்டுபேரும் ஊருக்குப் போகவேண்டியதுதான்.

நான் ஒளிக்கமாட்டன். பதினாறு வருசமா கோதை வேலை செய்யிற அதே கொம்பனியில டயோட் வடிவமைக்கிறன். மைக்ரோவேவ் அலை ஒரு பக்கத்தால போய், மற்றப் பக்கத்தால மூண்டு மடங்கு அதிர்வெண்ணோட வெளிய வரவேணும். என்ர டயோட்டில முக்கால்வாசி சூடாகவே போயிடும். அது அப்பிடித்தான் எண்டு எல்லாரும் பேசாமல் இருந்தவை. கோதை வந்து எட்டு மாசத்தில, நான் மின்சாரம் கடக்கிற ஒரே சந்தியில ஏத்தின சுமையை நாலு சந்திக்குப் பிரிச்சுக் குடுத்தா. வெளியீடு என்ரயைப்போல ரெண்டு மடங்கு. "றொபேட் சார், தப்பு இருந்தா சொல்லுங்க" எண்டு என்னட்டையே கொண்டுவந்து காட்டினா. ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

டயோட்டைச் சாகடிக்கச் சுத்தியல் தேவையில்லை. உடம்பில சேருற மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கிற எர்த் பட்டியைக் கையில கட்டாமல், சுவெட்டரைத் தேய்ச்சுப்போட்டு விரலால தொட்டால் காணும். கழட்டேக்க படபடவெண்டு பொறி பறக்குமே, அந்த மின்சாரந்தான். நுணுக்குக்காட்டியில பாத்தாலும் காயம் தெரியாது. பதினொண்டரைக்கு எல்லாரும் கன்ரீனுக்குப் போனாப்பிறகு அவவின்ரயை ஒவ்வொண்டாத் தொட்டன். நாப்பத்தொரு டயோட். "சில பேரின்ர கைக்கு இந்த வேலை சரிவராது, பிள்ளை" எண்டு ஆறுதல் சொன்னதும் நான்தான். அவ நம்பினா. இப்ப ஆய்வுகூடத்தில ஒரு சாமானையும் தொடமாட்டன் எண்டு நிக்கிறா எண்டு சொல்லுறியள்.

மன்னிப்புக் கேப்பன் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதையுங்கோ. விரல் பட்டுச் சாகிற சாமான் என்ன சாமான்? நான் சோதிச்சுத்தான் பாத்தன். என்ர டயோட்டுகளையோ? அதுகளைப் பட்டி கட்டாமல் ஒருநாளும் தொட்டதில்லை. பதினாறு வருச உழைப்பெல்லோ.

எழும்பிறியளோ? போய்ச் சொல்லுங்கோ, ஆர் நம்புவினம்? இந்தாங்கோ, அந்தக் கடைசி டயோட் இருக்கிற பெட்டியையும் கொண்டுபோங்கோ. நீங்கள் வந்த உடன உங்களை இருத்திப்போட்டு உள்ளுக்குப் போனது இதை எடுக்கத்தான். எடுத்து, விரலால ஒருக்காத் தடவிப்போட்டுத்தான் மூடினன். நாளைக்கு அளக்கட்டும். ஆரின்ர டயோட் திறமெண்டு நியாயமாத் தெரிஞ்சுபோம்.