வெள்ளைத் துணி போட்ட தட்டு

உங்கள் நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. பழைய அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்களை உட்கார வைத்தே இருபத்திரண்டு வருஷம் பிழைத்தவன் நான், இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. செஞ்சி சாலையில் எங்கள் கம்பெனிக்கு வந்த யாரும் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

கமலவேணி அம்மாள் கொடுத்த புகாரைப் பற்றிக் கேட்டீர்கள். அது உண்மைதான். மறுக்கிற தெம்பு எனக்கு இல்லை, மறுத்தால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயமும் தெரியும்.

எங்களுடையது பிரெஞ்சுக் கார் விற்கிற கம்பெனி. பெரிய இடத்து ஆட்கள்தான் வருவார்கள். சர்வீஸுக்கு வருகிற வண்டியை வாங்கி வைப்பதும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. வண்டிக்கு அடியில் படுப்பவன் மெக்கானிக் வடிவேல். பில்லை நீட்டித் திட்டு வாங்குகிறவன் நான். வாடிக்கையாளர்களை முசே என்போம், முதலாளியைப் பத்ரோன் என்போம், அவர் பாதி நாள் மெட்ராஸில் இருப்பார்.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் மானேஜராக இருந்த காலத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானை நன்றாகத் துடைத்து, வெள்ளைத் துணி போட்ட தட்டில் வைத்து, காப்பியோடு கொண்டுபோய் வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். தன் பணம் எங்கே போனது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பார் துரை. அருமையான வழக்கம். பில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தட்டைப் பார்த்ததும் மனுஷன் அடங்கிவிடுவான்.

அப்புறம் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது, துரையும் கப்பலேறிவிட்டார். முன்பெல்லாம் சாமான் நேரே நம் கடற்கரையில் வந்து இறங்கும். இப்போது மெட்ராஸ் கஸ்டம்ஸில் மாதக்கணக்கில் கிடந்து, மூன்று மடங்கு விலையோடு வரும், இல்லாவிட்டால் வரவே வராது. அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மாலை வரை ஒரே பாட்டு. இந்தச் சின்ன சாமானுக்கா இந்த விலை, இதற்கு வேறு காரே வாங்கிவிடலாமே, நீங்கள் கொள்ளையடிக்கிறீர்களா. பணக்காரர்களுக்குத்தான் ஐயா பில்லைக் கண்டால் வயிறு எரியும். தலையாட்டித் தலையாட்டி என் கழுத்தே தேய்ந்துவிட்டது. வீட்டில் பெண்டாட்டி ஏதாவது கேட்டால்கூட, 'கவனிச்சுக்கறோம் முசே' என்று வாய் தானாகச் சொல்லும்.

ஒரு நாள் ஒருவருடைய வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டர் வரவில்லை. பிரேக்கை மிதிக்கும்போது எண்ணெயைச் சக்கரத்துக்குத் தள்ளுகிற உருளை அது, கையில் அடங்குகிற சாமான். வடிவேல் பழையதையே கழுவி மாட்டிவிட்டான், வண்டியும் ஓடியது. ஆனால் ஆள் காப்பி குடித்துவிட்டுத் தட்டுக்காகக் காத்திருக்கிறார். வெறும் தட்டை எப்படிக் கொண்டுபோவது? ஓரம் உடைந்த பழைய சிலிண்டர் ஒன்று மூலையில் கிடந்தது. அதைத் துடைத்து வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் ஓட்டினேன் என்று மார்பில் கை வைத்துக்கொண்டார். புதுச் சாமானுக்கான பில்லை முணுமுணுக்காமல் கட்டிவிட்டு, என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அவர்களுக்கு வேண்டியது சாமான் இல்லை, தட்டு.

அதன்பிறகு நாலு வருஷம் அதே உடைந்த சிலிண்டர்தான் தட்டில் போய்ப் போய் வந்தது. மேல் வரும்படி என் வீட்டுக்குப் போனது. அதைத் திருட்டு என்று நான் நினைத்ததே இல்லை, திட்டு வாங்கியதற்குக் கூலி என்றுதான் நினைத்தேன். எல்லாரும் சந்தோஷமாகப் போனார்கள்.

தேவதாஸ் முசே மட்டும் வேறு மாதிரி. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரிப் பிரிவில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். குரலை உயர்த்தவே மாட்டார். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம் ஐயா, இந்த மாதிரி அமைதியான ஆட்கள்தான் நம்மைக் களைப்பாக்குவார்கள். போன மாதம் பிரேக்குக்காக வண்டியை விட்டார். மறுநாள் நான் தட்டோடு போனேன். காப்பியை ஓரமாக நகர்த்திவிட்டு, சிலிண்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன வருஷமும் இதத்தான காட்டினீங்க, இராமதாசு," என்றார். "இந்த ஓரம் உடைஞ்சது எனக்கு ஞாபகம் இருக்குது. அதனாலதான் இந்தத் தடவ என் சிலிண்டர்ல ஆணியால பெருக்கல் குறி கீறிட்டு வந்தேன். அது எங்க?"

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாளைக் காலையில் விழுப்புரம் ஜங்ஷன் போக வேண்டும், அதற்குள் புதுசு மாட்டி வையுங்கள், வெள்ளிக்கிழமை பத்ரோன் வந்ததும் அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

அலமாரியில் புது சிலிண்டர் ஒன்று இருந்தது. பத்ரோனின் சொந்த வண்டிக்காக எடுத்து வைத்தது. நீங்கள் கேட்கப்போவது தெரியும், அதை ஏன் மாட்டவில்லை என்று. யோசித்துப் பார்த்தேன். புதுசை மாட்டினால் வண்டி சரியாகும், என் நிலைமை சரியாகாது. வெள்ளிக்கிழமை வந்தால் என் இருபத்திரண்டு வருஷமும் குப்பைக்குப் போகும். இந்த வயதில் வேறு இடம் தேடி, வேறு மனிதர்களுக்குத் தலையாட்டக் கற்றுக்கொள்வது என்பதை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருந்தது.

வடிவேல் வந்து நின்றான். "பெடல் கீழ போவுதுண்ணே, இந்த வண்டிய வுடாதீங்க, நான் இருந்து மாத்திக் குடுத்துட்டுப் போறேன்," என்றான். மறுநாள் லாஸ்பேட்டையில் அவன் பெண்ணுக்குக் காதுகுத்து. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கிளம்பு என்று அனுப்பி வைத்தேன். நல்ல பையன். லீவும் கொடுத்தேன்.

மில் சங்கு ஊதி எல்லாரும் போனபிறகு இரண்டு வேலை செய்தேன். கழித்துப் போட்ட சாமான்களில் ஓரம் உடையாத சிலிண்டர் ஒன்றைத் தேடி எடுத்து, ஆணியால் பெருக்கல் குறி கீறி, அதன்மேல் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். அப்புறம் அவருடைய வண்டிக்கு அடியில் போனேன். அத்தனை வருஷத்தில் என் சட்டையில் எண்ணெய் பட்டது அன்றைக்குத்தான். சிலிண்டரிலிருந்து போகிற பைப்பின் நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கொஞ்சம்தான். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஊருக்குள் பிரேக் பிடிக்கும், ஊரைத் தாண்டிய பிறகுதான் கைவிடும். ஊருக்குள் கோயிலும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அதில் கவனமாக இருந்தேன்.

காலையில் அவர் வந்தார். உட்கார வைத்து, காப்பி கொடுத்து, தட்டை நீட்டினேன். பெருக்கல் குறியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"சொன்ன சொல்ல காப்பாத்திட்டீங்க. ராத்திரி பூரா எனக்கும் மனசு கேக்கல. பத்ரோன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. வயசான காலத்துல உங்க சோத்துல நான் ஏன் மண்ண அள்ளிப் போடணும்?"

சிலிண்டரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அப்போது அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வாய்கூட வந்தது. ஆனால் கூப்பிட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும், ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும், அவர் மறுபடி அந்த அமைதியான குரலில் கேள்வி கேட்பார். அன்று காலை எனக்கு ரொம்ப அசதியாக இருந்தது, ஐயா. தனியாகத்தானே போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆமாம் என்றார். கேட்டை நானே திறந்துவிட்டேன்.

வில்லியனூர் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்ததாம். சரக்கு வண்டியில் மோதி அவர் அங்கேயே போய்விட்டார். கேட்கீப்பருக்கு ஒரு கால் போய்விட்டது என்றார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

உங்கள் ஆட்கள் வந்து பைப் நட்டு தளர்ந்திருந்தது என்றார்கள். புது சிலிண்டரை மாட்டியது யார் என்று கேட்டார்கள். வடிவேல்தான், காதுகுத்து அவசரத்தில் சரியாக முடுக்காமல் போயிருப்பான் என்றேன். நான் தொடவே இல்லை என்று அவன் அழுதான். எண்ணெய்க் கையோடு நிற்பவனை யார் நம்புவார்கள்? பதினெட்டு நாளாக உள்ளே இருக்கிறான். அவன் வீட்டுக்கு அரிசி வாங்கி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதோடு முடிந்திருக்கும். உங்கள் விசாரணை முடிந்து நொறுங்கின வண்டியை எங்கள் கம்பெனிக்கே அனுப்பினீர்கள். விலை போகிற சாமான்களைக் கழற்றச் சொன்னார் பத்ரோன். புதிதாகச் சேர்ந்த ஆள் கழற்றிக் கொடுத்ததில் அந்த சிலிண்டரும் வந்தது, தேவதாஸ் முசே தன் கையால் குறி போட்ட அசல் சிலிண்டர். அன்றைக்கே அவர் மனைவி கமலவேணி அம்மாள் வந்தார், கணவருடைய மூக்குக்கண்ணாடி வண்டியில் கிடக்கிறதா என்று பார்க்க. வெள்ளைப் புடவை. நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்தேன்.

அடுத்துச் செய்ததற்குத்தான் எனக்கே காரணம் சொல்லத் தெரியவில்லை. வாடிக்கையாளர் வந்தார், கழற்றின சாமான் இருக்கிறது, கை தானாகத் துணியை விரித்துவிட்டது. நாலு வருஷமாகப் பொய்யையே சுமந்த தட்டு. ஒரு தடவையாவது உள்ளதை வைத்துக் கொடுப்போம் என்று தோன்றியிருக்கலாம். துடைத்து, குறி மேலே தெரிகிற மாதிரி வைத்து, காப்பியோடு கொண்டுபோனேன். உங்கள் வண்டியிலிருந்து கழற்றியது அம்மா என்றேன்.

வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார். நான் கொடுத்தனுப்பியது உள்ளே இருந்தது. விழுப்புரம் போகிற வழியில் வீட்டில் இறங்கி, இராமதாசைச் சந்தேகப்பட்டுவிட்டேன், பாவம் என்று அம்மாளிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அவரும் அதைப் பையிலேயே வைத்திருந்தார் போலும். அம்மாள் அதை எடுத்துத் தட்டில் மற்றதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவரு கீறினது ஒண்ணுதான," என்றார். "ரெண்டு எப்படி வந்துச்சு?"

காப்பி ஆறுகிறது அம்மா என்றேன். அவர் எழுந்து நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தியவன் நான். தெரிந்துதான் தளர்த்தினேன், தெரிந்துதான் வண்டியை விட்டேன். புது சிலிண்டர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வடிவேல் எதையும் தொடவில்லை, அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தண்டனை எதுவானாலும் சரி, உட்கார்ந்து கிடக்கத்தானே போகிறேன்.

ஒன்று மட்டும்தான் எனக்குப் பொறுக்கவில்லை, ஐயா. அன்றைக்கு நான் காட்டியது அசல் சாமான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அந்த அம்மாள் காப்பியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என் மேஜையிலிருந்து மனம் நொந்து போனவர் அவர் ஒருவர்தான்.